ஒரு டாலர் வாடகையில் மோட்டார்ஹோம்: கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து ஆக்லாந்து வரை

2025 மார்ச் மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து, உள்ளேயே தங்கவும் சமைக்கவும் வசதியுள்ள ஒரு மோட்டார்ஹோமை ஓட்டிச்சென்று ஆக்லாந்தில் ஒப்படைத்தோம். வாடகை நாளொன்றுக்கு ஒரு நியூசிலாந்து டாலர்; அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 50 ரூபாய். கோவைக்குத் திரும்பிய பிறகு இதைக் கேட்ட உறவினர்களும் நண்பர்களும் முதலில் நம்பவில்லை. நம்பியவர்கள் மறுகணமே தாங்களும் போகப்போவதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொன்னவற்றை, சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன்.

வாடகை வண்டியை ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விட்டுச்செல்லும் பயணிகள் பலர். பருவத்தைப் பொறுத்து ஒரு முனையில் வண்டிகள் குவிந்துவிடும், மறுமுனையில் தட்டுப்பாடு வரும். சம்பளத்துக்கு ஓட்டுநர் வைத்து அவற்றைத் திருப்பிக் கொண்டுபோவதைவிட, பயணி ஒருவரையே ஓட்டச் சொல்லிப் பெயரளவில் வாடகை வாங்குவது நிறுவனத்துக்கு லாபம். இதற்குத்தான் ரீலொகேஷன் என்று பெயர். டிரான்ஸ்ஃபர்கார், இமூவா போன்ற தளங்களிலும், வாடகை நிறுவனங்களின் சொந்தப் பக்கங்களிலும் இத்தகைய வண்டிகளின் பட்டியல் இருக்கும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எந்தத் தேதிக்குள், எத்தனை நாள் என்பதெல்லாம் அவர்கள் வகுத்தது. வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணமே அந்த நாள்கள் நம்முடையவை அல்ல என்பதுதான். சுற்றுலாவுக்குப் போகிறவர் என்ற எண்ணத்தை விட்டு, ஒரு பொருளைக் குறித்த நேரத்தில் கொண்டுசேர்க்க ஒப்புக்கொண்டவர் என்ற எண்ணத்தோடு புறப்பட்டால் மட்டுமே இந்தப் பயணம் நிம்மதியாக அமையும். இதை நான் ஐந்தாம் நாளில்தான் முழுமையாக உணர்ந்தேன்.

இந்தியாவில் இருப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, இந்த வண்டிகள் பெரும்பாலும் சில நாள்களுக்கு முன்பே பட்டியலுக்கு வருகின்றன என்பது. நமக்கோ நியூசிலாந்து செல்ல விசா வேண்டும்; அதற்குப் பல வாரங்கள் முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். எனவே ரீலொகேஷனை நம்பி ஒரு பயணத்தைத் திட்டமிடக் கூடாது. எங்கள் மகள் கிறைஸ்ட்சர்ச்சில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போயிருந்தோம். ஊர் திரும்பும் விமானம் ஆக்லாந்திலிருந்து. இடையில் பத்து நாள் இடைவெளி இருந்ததால், பட்டியலில் வந்ததைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. கிடைக்காமல் போயிருந்தால் உள்நாட்டு விமானத்தில் போயிருப்போம்.

ஓட்டுநர் உரிமம் பெரிய சிக்கலாக இல்லை. தமிழ்நாட்டில் தரப்படும் அட்டையில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே அங்கே செல்லும். இருந்தாலும் ஆர்டிஓ அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் வாங்கிப் போயிருந்தேன். வாடகை நிறுவன அலுவலகத்தில் இருந்த பெண் இரண்டையும் வாங்கிப் பார்த்தார். அசல் அட்டை கையில் இல்லாவிட்டால் வண்டி கிடையாது. கைப்பேசியில் உள்ள டிஜிட்டல் நகலை நம்பிப் போகாதீர்கள்.

கடன் அட்டையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் பயணம் கவுண்டரிலேயே நின்றுவிடப் பார்த்தது. 2020 அக்டோபரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, நம் அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே வங்கிச் செயலியில் இயக்கிவைக்க வேண்டும். இயக்கிவைத்திருந்தேன், ஆனால் அதற்குள் தனியாக இருக்கும் உச்சவரம்பைக் கூட்ட மறந்துவிட்டேன். காப்பீட்டுக்கான வைப்புத்தொகையாக அவர்கள் நிறுத்திவைக்க முயன்ற 5,000 டாலரை அட்டை ஏற்கவில்லை. வரம்பை மாற்ற ஓடிபி வேண்டும். என் இந்திய சிம்மில் ரோமிங் வேலை செய்யவில்லை. அரைமணி நேரம் தவித்த பிறகு, நாளொன்றுக்கு 45 டாலர் கூடுதலாகக் கட்டி, சேதம் ஏற்பட்டால் நாம் ஏற்க வேண்டிய பொறுப்புத்தொகையைக் குறைத்துக்கொள்ளும் காப்பீட்டைத் தேர்ந்தெடுத்தேன். வேறு வழியின்றி எடுத்த முடிவு என்றாலும், அந்நிய நாட்டில், அதுவரை ஓட்டியிராத அளவுள்ள வண்டிக்கு அதுவே சரியான முடிவு என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அந்தக் காப்பீடும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கூரையில் இடிப்பது, அடிப்பாகம் அடிபடுவது, தவறான எரிபொருளை ஊற்றுவது ஆகியவற்றுக்கு முழுச் செலவும் நம் தலையில்தான் என்று எங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தைக் கவுண்டரிலேயே நின்று வாசித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

வண்டி 7 மீட்டருக்குச் சற்றே அதிக நீளம், 3.2 மீட்டர் உயரம். உயரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டிவைத்தேன். பெட்ரோல் பங்க்கின் கூரை, வாகன நிறுத்தத்தின் குறுக்குக் கம்பி, தாழ்ந்த மரக்கிளை ஆகிய மூன்றும் நம் தலைக்கு மேலே இருப்பதால், கார் ஓட்டிப் பழகிய கண் அவற்றைப் பார்ப்பதே இல்லை. புறப்படும் முன் வண்டியை நான்கு பக்கமும், முன் கண்ணாடியை மிக அருகிலும், ஏணியில் ஏறிக் கூரையையும் வீடியோ எடுத்தேன். முன் கண்ணாடியின் இடதுகீழ் மூலையில் மிளகளவு ஒரு கல் தெறித்த தடம் இருந்தது. அவர்களுடைய படிவத்தில் அது இல்லை. எழுதிச் சேர்க்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

நியூசிலாந்திலும் நம்மைப் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பது பெரிய ஆறுதல். ஆனால் என் காரில் வலக்கைப் பக்கம் இருக்கும் இண்டிகேட்டர் இந்த ஐரோப்பிய வண்டியில் இடக்கைப் பக்கம் இருந்தது. முதல் நாள் முழுவதும் ஒவ்வொரு திருப்பத்திலும் வைப்பரைத்தான் போட்டேன். இதைவிடப் பெரிய மாற்றம் வண்டியின் பின்பகுதி. பின் சக்கரத்துக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீண்டிருப்பதால், வலப்பக்கம் திருப்பினால் வால் இடப்பக்கம் வீசும். பின்னால் எடுக்கும்போது மனைவி இறங்கி நின்று வழி சொல்ல வேண்டும் என்பதை எங்கள் விதியாக வைத்துக்கொண்டோம். "ஏனுங்க, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று அவள் சொன்னது இன்ஜின் இரைச்சலில் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து நம் ஊர் லாரி கிளீனர்களின் முறைக்கு மாறிவிட்டோம்: வண்டியின் உடலில் ஒரு தட்டு என்றால் நிற்க வேண்டும், இரண்டு தட்டு என்றால் வரலாம், பக்கக் கண்ணாடியில் அவள் முகம் தெரியாவிட்டால் வண்டி அசையக் கூடாது. ஆறு நாளும் ஒரு கீறல்கூட விழவில்லை.

முதல் நாள் ஹான்மர் ஸ்பிரிங்ஸ் வரை 135 கி.மீ. மட்டும் ஓட்டினோம். கேன்டர்பரி சமவெளியில் வடமேற்குக் காற்று பக்கவாட்டில் அடித்தபோது, உயரமான வண்டி எப்படி ஒரு பாய்மரம் போல ஆகிவிடுகிறது என்று கண்டேன். எதிரே ஒரு லாரி கடந்தால் முதலில் உள்ளே இழுக்கும், பிறகு வெளியே தள்ளும். வேகத்தை 80 ஆகக் குறைத்தேன். நெடுஞ்சாலை வரம்பு 100. மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டிய வண்டிகளுக்கு 90. நாம் எந்த வகையில் வருகிறோம் என்பதை வண்டியின் ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னால் வண்டிகள் சேர்ந்துவிட்டால் வசதியான இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டியது அங்கே வெறும் மரியாதை அல்ல, சாலை விதி. நான் ஒவ்வொரு முறை ஒதுங்கியபோதும் கடந்துபோனவர்கள் மெலிதாக ஒரு ஹாரன் கொடுத்து நன்றி சொன்னார்கள்.

ஊருக்குள் நுழையும் முன் வையாவ் ஆற்றின் மேல் 1887இல் கட்டப்பட்ட ஒற்றைத்தடப் பாலம் இருக்கிறது. இருபுறமும் வண்டிகள் வரலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போக முடியும். சிவப்பு வளையத்துக்குள் நம் திசையைக் காட்டும் சிறிய சிவப்பு அம்பு இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டும். நீலப் பலகையில் நம் திசையில் பெரிய வெள்ளை அம்பு இருந்தால் நமக்கு முன்னுரிமை. முன்னுரிமை இருந்தாலும், எதிரே ஒருவர் பாலத்தில் ஏறிவிட்டிருந்தால் காத்திருப்பதே முறை. மறுநாள் வையாவ் கிராமத்தின் வழியாகக் கைக்கோராவுக்குச் செல்லும் உட்பகுதிச் சாலையிலும் இத்தகைய பாலங்கள் வந்தன. யார் முந்துவது என்ற போட்டி எங்கும் இல்லை. அந்தப் பொறுமை நம்மிடமும் தானாக வந்துவிடுகிறது.

அந்தச் சாலையின் முதல் வளைவிலேயே சமையல் பகுதியின் இழுப்பறை ஒன்று திறந்து, எவர்சில்வர் டம்ளர்களும் கரண்டிகளும் தரையெங்கும் உருண்டன. பின்னால் போய் எடுக்க எழுந்த மனைவியை, வண்டி ஓடும்போது எழக் கூடாது என்று தடுத்து, ஓரமாக நிறுத்திய பிறகே எடுத்தோம். அன்றிலிருந்து புறப்படும் முன் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே என்று பிரித்துக்கொண்டோம். எல்லாத் தாழ்ப்பாள்களும், ஃபிரிட்ஜ் கதவும், கூரைச் சாளரமும், எரிவாயு அடுப்பும் அவள் பொறுப்பு; மின்வடம், தண்ணீர்க் குழாய், வெளிப்படி, சிலிண்டர் வால்வு ஆகியவை என் பொறுப்பு. இதில் மின்வடம் முக்கியமானது. அதைப் பிடுங்காமலே வண்டியை எடுத்துவிடுகிறவர்கள் உண்டு என்று, இத்தகைய வண்டிகள் கட்டணம் கட்டி இரவு தங்கும் பூங்காவான ஹாலிடே பார்க்கில் இருந்தவர் சொன்னார்.

சமையல் எங்களுக்குப் பெரிய சேமிப்பாக இருந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாவற்றையும் விமான நிலையத்தில் வருகைப் படிவத்தில் அறிவித்திருந்தோம், பார்த்துவிட்டு அனுமதித்தார்கள். அறிவிக்காமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். வண்டிக்குள் தாளிப்பது மட்டும் முடியவில்லை. கடுகு வெடித்த மறுநிமிடம் புகை எச்சரிக்கைக் கருவி அலறியது, பூங்கா முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஹாலிடே பார்க்குகளில் எல்லோருக்கும் பொதுவான சமையலறை உண்டு. தாளிதத்தை ஒரே நாளில் அங்கே செய்து புட்டியில் எடுத்துவைத்துக்கொண்டோம்.

கழிப்பறையைப் பற்றி எழுதக் கூச்சப்படத் தேவையில்லை. அடியில் ஒரு பெட்டி இருக்கும். அதை இரண்டு நாளுக்கு ஒருமுறை வெளிக்கதவு வழியாக இழுத்து, டம்ப் ஸ்டேஷன் எனப்படும் இடத்தில் கொட்டி அலச வேண்டும். கையுறை, பழைய செருப்பு, காற்றின் திசை பார்த்து நிற்பது ஆகிய மூன்றும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. பாத்திரம் கழுவிய நீரும் தனித் தொட்டியில் சேரும், அதையும் அங்கேதான் விட வேண்டும். சாலையோரத்தில் திறந்துவிடுவது பெருந்தவறு. இப்படித் தன் கழிவைத் தானே சுமக்கும் வண்டிக்குத் தரப்படும் சான்றிதழ் இருந்தால்தான் பல பொது இடங்களில் இலவசமாகத் தங்கலாம். 2023இல் வந்த சட்டத்தின்படி, அந்தச் சான்றுக்குக் கழிப்பறை வண்டியில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் ஐந்து இரவும் கட்டணப் பூங்காக்களிலேயே தங்கினோம். தெரியாத ஊரில், இருட்டிய பிறகு இடம் தேடும் கவலை இல்லாமல் இருப்பதற்கு அந்தப் பணம் தகும்.

கைக்கோராவுக்கு வடக்கே சாலையும் ரயில் பாதையும் மலைக்கும் கடலுக்கும் இடையே நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. 2016 நவம்பர் 14 அன்று 7.8 அளவில் வந்த நிலநடுக்கத்தில் மலை சரிந்து மூடிய இந்தச் சாலை, ஓராண்டுக்கு மேல் ஆகி 2017 டிசம்பரில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. கடலடி மேலெழுந்து வந்த பாறைகளை இன்றும் கரையோரம் காணலாம். ஓஹாவ் முனையில் கடல்நாய்க் (சீல்) கூட்டம் அந்தப் பாறைகளில் படுத்திருக்க, நாங்கள் இருபது நிமிடம் மட்டும் நின்றோம். பிக்டன் துறைமுகத்தில் கப்பல் காத்திருந்தது. அல்லது நாங்கள் அப்படி நினைத்துக்கொண்டிருந்தோம்.

தென்தீவுக்கும் வடதீவுக்கும் இடையே பாலம் இல்லை. குக் நீரிணையைக் கப்பலில் மூன்றரை மணி நேரத்தில் கடக்க வேண்டும். வண்டிக்கும் ஓட்டுநருக்கும் உரிய கட்டணம் எங்கள் ஒப்பந்தத்தில் அடங்கியிருந்தது. மனைவியின் பயணச்சீட்டுக்கு மட்டும் நாங்கள் பணம் கட்டினோம். எல்லா ஒப்பந்தத்திலும் இப்படி இருக்காது, கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாம் நாள் பிற்பகல் வரிசையில் நிற்கும்போது கைப்பேசிக்குச் செய்தி வந்தது: அலை அதிகம், கப்பல் ரத்து, மறுநாள் காலையில் இடம் தருகிறோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். கப்பல் வியாழன் காலை என்றால் வெலிங்டனில் இறங்கவே மதியம் ஒரு மணி. அங்கிருந்து ஆக்லாந்து 640 கி.மீ. கூட்டிக் கழித்துப் பார்த்தால் முடியும், ஆனால் இருட்டில் ஓட்ட வேண்டும், களைப்போடு ஓட்ட வேண்டும். என் மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "எழுதிக் கேட்டுப் பாருங்க, இல்லைன்னா காசு கட்டிக்கலாம்." ரத்துச் செய்தியின் படத்தை இணைத்து, ஒரு நாள் நீட்டிப்பு வேண்டி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைபேசியிலும் பேசினேன், ஆனால் அவர்கள் வாய்மொழியாகச் சம்மதித்ததை எழுத்தில் அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அன்று மாலையே இரண்டு வரியில் பதில் வந்தது: சனி மதியம் 12 வரை, கூடுதல் கட்டணமில்லை.

மறுநாள் கப்பலில் ஏறும் முன் எரிவாயு சிலிண்டரை மூடினேன். கப்பலுக்குள் கியரில் போட்டு, கைப்பிரேக்கை இறுக்கிவிட்டு மேலே போய்விட வேண்டும். பயணம் முடியும்வரை வண்டிக்கு வர அனுமதி இல்லை. மாத்திரை, கம்பளி, சாப்பாடு மூன்றையும் கையோடு எடுத்துக்கொண்டதால் அலைச்சல் இல்லை.

வெலிங்டனில் ஒரு மனக்குறை. அங்குள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், தமிழ் எழுத்துப் பொறித்த ஒரு வெண்கலக் கப்பல் மணி இருக்கிறது. முகைய்யதீன் பக்ஸ் என்பவரின் கப்பலுக்கு உரிய மணி என்பது அதிலுள்ள வாசகத்தின் பொருள். வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைக் கண்டபோது, அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். அது எப்படி அந்தத் தீவுக்கு வந்தது என்பது இன்றுவரை புதிர். துறைமுகத்திலிருந்து சில நிமிடத் தொலைவுதான். முதலில் போட்ட திட்டப்படி அன்று காலை அங்கே போக வேண்டியது. ஏழு மீட்டர் வண்டியை நகரின் நடுவே நிறுத்த இடம் தேடி, பிறகு இருட்டுவதற்குள் மலையைத் தாண்ட முடியாது என்று கணக்கிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமலே வெளியேறினோம். மற்ற எதை விட்டதற்கும் நான் வருந்தவில்லை, அந்த மணிக்கு வருந்துகிறேன்.

வெலிங்டனை விட்டதும் 2022இல் திறந்த டிரான்ஸ்மிஷன் கல்லி சாலை. ஏற்றமும் இறக்கமும் கடுமை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும், வால்பாறை சாலையில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. அன்றிரவு தைஹாபேயில் தங்கினோம். வெள்ளியன்று வையூருவுக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறும் டெசர்ட் ரோடு. இடப்பக்கம் 2,797 மீட்டர் உயர ருவாப்பேஹூ எரிமலை. காலை வெயிலில் உச்சிப் பனி மட்டும் தெரிந்தது. குளிர்காலத்தில் பனி விழுந்தால் இந்தச் சாலையை மூடிவிடுவார்கள் என்பதால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போகிறவர்கள் இன்னும் ஒரு நாளைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இரவு டாவ்ப்போ ஏரிக்கரை. நீட்டிப்புக் கிடைத்திராவிட்டால் அந்த ஏரியைச் சாலையிலிருந்தே பார்த்துவிட்டுப் போயிருப்போம்.

சனிக்கிழமை காலை 7:30க்குப் புறப்பட்டு, வழியில் ஓரிடத்தில் தொட்டிகளைக் காலிசெய்து கழுவினோம். ஒப்படைக்கும் இடத்துக்கு அருகில் டீசல் நிரப்பி ரசீது வாங்கிக்கொண்டேன். கவுண்டரில் இருந்த இளைஞரின் கணினியில் வண்டி வெள்ளியன்றே வர வேண்டியது என்று மட்டும் இருந்தது. தாமதக் கட்டணம் என்று ஒரு தொகையைச் சொன்னார். மின்னஞ்சலைக் காட்டினேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதை நீக்கினார். கண்ணாடியில் இருந்த மிளகளவுத் தடத்தையும் சுட்டிக்காட்டினார். முதல் நாள் கையெழுத்து வாங்கிய படிவத்தை நீட்டியதும் அந்தப் பேச்சும் முடிந்தது.

மொத்தச் செலவு: வாடகை 5 டாலர், காப்பீடு ஆறு நாளுக்கு 270, மனைவியின் கப்பல் கட்டணம் 75, டீசல் 250, தங்குமிடம் ஐந்து இரவுக்கு 280. இவை தவிர, டீசல் வண்டிகளுக்கு அங்கே சாலை வரியைக் கிலோமீட்டர் கணக்கில் தனியாக வசூலிக்கிறார்கள். அது 95 டாலர், இரண்டு நாள் கழித்து அட்டையில் எடுத்துக்கொண்டார்கள். ஆகமொத்தம் 975 டாலர், 50,000 ரூபாய்க்குச் சற்றே குறைவு. அடுத்த ஆண்டு மகளின் பட்டமளிப்புக்குப் போகிறோம். மறுபடியும் பட்டியலைப் பார்ப்போம், ஆனால் வெலிங்டனில் ஓர் இரவு தங்க நாள் தருகிற வண்டி கிடைத்தால் மட்டுமே எடுப்போம்.